பேட்டரி மாற்றுவதற்கு முன் மீட்டரை வையுங்கள்: சார்ஜ் ஏறாத வண்டிக்கு ஒரு வழிகாட்டி

கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் விடியற்காலையில் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளில் ஒன்று என்னுடையது. சென்ற ஆண்டு தென்மேற்குப் பருவமழை தொடங்கிய வாரத்தில் அதன் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாமல் போனது. கோளாறு எங்கே இருக்கிறது என்று தெரிவதற்குள் 5 வாரங்கள் கடந்துவிட்டன. புது பேட்டரிக்கு 7,200 ரூபாய், டைனமோவைக் கழற்றிப் பிரித்து மாட்டியதற்கு 2,300 ரூபாய், வண்டி ஓடாமல் நின்ற 3 நாட்களின் வாடகை 4,500 ரூபாய் என 14,000 ரூபாய் கைவிட்டுப் போன பிறகுதான், பழுதாகியிருந்தது மீட்டர் போர்டுக்குள் இருக்கும் 20 ரூபாய் பல்பு என்று தெரிந்தது. பழைய டீசல் வண்டி ஒன்றை முதன்முதலாக வாங்கி இந்த மலைப்பாதையில் ஓட்டத் தொடங்கியிருப்பவர்கள் நான் சுற்றிய சுற்றைச் சுற்ற வேண்டாம் என்பதற்காக, பார்க்க வேண்டியவற்றைப் பார்க்க வேண்டிய வரிசையில் எழுதுகிறேன்.

இங்கே சொல்லியிருப்பது 12 வோல்ட் பேட்டரியும், மீட்டர் போர்டில் சிவப்புச் சார்ஜ் லைட்டும், ரெகுலேட்டரைத் தன்னுள்ளேயே கொண்ட ஆல்டர்னேட்டரும் உள்ள வண்டிகளுக்குப் பொருந்தும். கணினி கட்டுப்படுத்தும் புதிய வண்டிகளில் எது மாறும் என்பதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன். பட்டறைகளில், இன்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரை டைனமோ என்றும், அதன் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைக் கட்டவுட் என்றும் சொல்வதால் நானும் அவ்வாறே எழுதுகிறேன்.

1. கையில் இருக்க வேண்டிய கருவிகளும் காகிதங்களும்

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்குங்கள். எலக்ட்ரிகல் கடைகளில் 300 முதல் 600 ரூபாய்க்குள் கிடைப்பதே போதும். அதோடு இரண்டு வயர் இணைத்த 12 வோல்ட் பல்பு ஒன்று, பேட்டரி டெர்மினலுக்குப் பொருந்தும் ஸ்பேனர், உப்புத்தாள், டார்ச் லைட் ஆகியவை இருந்தால் இந்தக் கட்டுரையில் உள்ள சோதனைகளில் பெரும்பாலானவற்றை வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகாது.

காகிதங்களில் முதன்மையானது பேட்டரியின் வாரண்டி கார்டு. அதில் கடையின் முத்திரையும், விற்ற தேதியும், பேட்டரியின் மேல் அச்சடித்திருக்கும் வரிசை எண்ணும் இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் மாற்றித் தர மறுப்பதற்கு அது போதுமானது. பில்லையும் கார்டையும் வாங்கிய அன்றே படமெடுத்துக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஜீப்பின் டேஷ்போர்டுப் பெட்டிக்குள் ஒரு மழைக்காலத்தைத் தாண்டிய காகிதம் எதையும் நான் பார்த்ததில்லை. இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள்: வண்டியின் சார்ஜிங் கோளாறினால் பேட்டரி கெட்டால் அதற்கு வாரண்டி பொருந்தாது என்று கார்டின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். எனவே காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புது பேட்டரியை மாட்டுவது, அந்தப் புது பேட்டரியின் வாரண்டியையும் சேர்த்து இழப்பதற்கான வழி.

2. எப்போது படுக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்

பேட்டரி எந்த நேரத்தில் படுக்கிறது என்பது பாதி விடையைத் தந்துவிடும். இரவு நிறுத்தியபோது நன்றாக இருந்து காலையில் செல்ஃப் எடுக்காமல் போனால், பேட்டரியின் உள்ளே பழுது இருக்கலாம் அல்லது நிறுத்தியிருக்கும்போது எங்கோ மின்சாரம் கசியலாம். ஓட்டத்தின்போதே ஹெட்லைட் மஞ்சளடித்து, வைப்பர் தயங்கி, ஹாரன் தொண்டை கட்டினால் சார்ஜ் ஏறவில்லை என்று பொருள்.

பழைய டீசல் வண்டியில் ஒரு ஏமாற்று உண்டு. டீசலை மெக்கானிக்கல் பம்பு செலுத்தும் இன்ஜின் ஒரு முறை கிளம்பிவிட்டால் ஓடிக்கொண்டிருப்பதற்கு அதற்கு மின்சாரம் அநேகமாகத் தேவையில்லை. தள்ளிக் கிளப்பிவிட்டு நாள் முழுவதும் ஓட்டலாம். பகலில் எந்தக் குறையும் தெரியாது. மாலையில் மூடுபனிக்குள் ஹெட்லைட்டைப் போடும்போதுதான் உண்மை வெளிப்படும்.

என் வண்டியில் காலையில் மலையேறும்போது எந்தக் குறையும் இல்லை. மாலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது மட்டும் விளக்கு மங்கியது. இதைக் குறித்து வைத்திருந்தேனே தவிர, அதற்கு என்ன பொருள் என்று யோசிக்கவில்லை.

3. பெல்ட்டைப் பாருங்கள், பிரேக்கையும் சேர்த்தே பாருங்கள்

இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு, இரண்டு புல்லிகளுக்கிடையில் பெல்ட் நீளமாகச் செல்லும் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் அமுங்கினால் சரி. அதற்குமேல் தொய்ந்தால் புல்லியில் வழுக்கும்; ஈரமான காலையில் கிளப்பியவுடன் கிறீச்சென்று கத்துவது அதனால்தான். உட்பக்கம் கண்ணாடிபோல் மினுங்கினாலோ, வெடிப்புகள் தெரிந்தாலோ இறுக்கிப் பயனில்லை; மாற்றிவிடுங்கள். கம்பிபோல் முறுக்கேற்றி இறுக்கவும் கூடாது, அது டைனமோவின் பேரிங்கைத் தின்றுவிடும்.

நம் மலைப்பாதையில் ஓடும் டீசல் ஜீப்புகள் பலவற்றில் பிரேக்குக்கு வேண்டிய வேக்குவம் பம்பு டைனமோவின் பின்பக்கத்திலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. தண்ணீர் பம்பும் அநேகமாக அதே பெல்ட்டில்தான் சுழலும். ஆகவே ஓடும்போது திடீரென்று சார்ஜ் லைட் எரிந்தால் அதை வெறும் பேட்டரிப் பிரச்சினையாக எண்ணி அடுத்த ஊர் வரை ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். பெல்ட் அறுந்திருந்தால் சிறிது நேரத்தில் பிரேக் பெடல் கல்லாக இறுகும், இன்ஜின் சூடேறும். குமுளியிலிருந்து லோயர் கேம்ப் வரை இறங்கும் வளைவுகளில் 10 பேரை வைத்துக்கொண்டு அப்படி இறங்க முடியாது. ஓரங்கட்டி நிறுத்தி, பானட்டைத் திறந்து பெல்ட் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த முடிவை எடுங்கள். மாற்று பெல்ட் ஒன்றை இருக்கைக்கு அடியில் வைத்திருப்பதற்கு 300 முதல் 500 ரூபாய்தான் ஆகும்.

4. ஓய்விலிருக்கும் பேட்டரியை அளந்து பாருங்கள்

இரவு முழுவதும் நின்ற வண்டியில், சாவி போடுவதற்கு முன், மீட்டரை 20 வோல்ட் டிசி அளவில் வைத்து பேட்டரியின் இரண்டு முனைகளிலும் தொடுங்கள். முனையின் மேல் இருக்கும் கிளாம்பில் வைக்காமல் ஈய முனையிலேயே வைக்க வேண்டும். 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.4 முக்கால் அளவு, 12.2 பாதி, 12.0 கால் அளவு என்று கொள்ளலாம். 11.9-க்குக் கீழே இருந்தால் அதை முதலில் வெளியே சார்ஜ் போட்டாக வேண்டும். காலியான பேட்டரியோடு மற்ற சோதனைகளைச் செய்தால் எல்லா அளவுகளும் பொய் சொல்லும். வண்டியை அப்போதுதான் நிறுத்தியிருந்தால் ஹெட்லைட்டை 2 நிமிடம் எரியவிட்டு அணைத்துச் சிறிது நேரம் பொறுத்து அளக்கலாம்.

பிறகு ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி, அடிக்கும் நேரத்தில் மீட்டர் காட்டுவதைக் கவனியுங்கள். நிறைந்திருந்த பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அதன் உள்ளே தட்டுகள் களைத்துவிட்டன அல்லது ஒரு செல் போய்விட்டது என்று ஐயப்படலாம். மூடி திறக்கும் வகை பேட்டரியாக இருந்தால் கடைக்காரரிடம் உள்ள, ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரால் 6 செல்களையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். 1.250-ஐ ஒட்டி எல்லாம் சமமாக நின்றால் நல்லது, ஐந்து 1.240 காட்டி ஒன்று மட்டும் 1.150 காட்டினால் அந்தப் பேட்டரிக்கு எந்த டைனமோவும் உதவாது. தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், ஆசிட் ஊற்றாதீர்கள். பீடி, சிகரெட், தீக்குச்சி எதுவும் அருகில் வேண்டாம், ஏனென்றால் சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஹைட்ரஜன் வாயு வெடிக்கக்கூடியது.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி மாட்டி, மேலே சிறிது வாஸ்லின் தடவுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில். மாட்டும்போது மைனஸ் கடைசியில். இந்த வரிசை மாறினால் ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.

5. சாவி போட்டவுடன் சிவப்பு லைட் எரிகிறதா?

நான் தவறவிட்ட படி இது. இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். பேட்டரி படம் போட்ட சிவப்பு லைட் தெளிவாக எரிய வேண்டும். கிளப்பியவுடன் அணைய வேண்டும். கிளப்பிய பின்னும் எரிந்தால் கோளாறு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கிளப்புவதற்கு முன் எரியாமல் இருப்பதும் கோளாறுதான் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

காரணம் எளியது. டைனமோவின் நடுவில் சுழலும் ரோட்டர் காந்தமாக மாறினால்தான் சுற்றியிருக்கும் காயிலில் மின்சாரம் பிறக்கும். ரோட்டரைக் காந்தமாக்குவதற்கு வேண்டிய முதல் சிறு மின்சாரம், பழைய வகை வண்டிகளில், பேட்டரியிலிருந்து சாவி வழியாக, அந்தச் சிவப்பு லைட்டின் பல்பு வழியாகத்தான் டைனமோவுக்குப் போகிறது. பல்பு ஃபியூஸ் போனால் டைனமோவுக்கு முதல் தூண்டுதல் கிடைக்காது. அது நல்ல டைனமோவாகவே இருந்தும் சும்மா சுழலும். எச்சரிக்க வேண்டிய பல்பே கோளாறாக இருப்பதால் எச்சரிக்கையும் வராது.

ஆனால் ரோட்டரின் இரும்பில் எப்போதும் சிறிதளவு காந்தம் தங்கியிருக்கும். இன்ஜினை நன்றாக முறுக்கினால் அந்தத் தங்கிய காந்தமே போதுமானதாகி டைனமோ தானே விழித்துக்கொள்ளும். இன்ஜினை நிறுத்தும் வரை சார்ஜும் கொடுக்கும். என் வண்டி காலையில் மலையேறும்போது இரண்டாவது கியரில் முழு முறுக்கத்தில் ஏறியதால் சார்ஜ் ஏறியது. மாலையில் தோட்டத்து வாசலில் ஐடிலில் காத்திருந்து, பனிக்குள் மெதுவாக இறங்கியதால் டைனமோ விழிக்கவே இல்லை. ஹெட்லைட்டும் வைப்பரும் முழுக்க முழுக்கப் பேட்டரியைத் தின்றன. பட்டறையில் ஒவ்வொரு முறையும் ஆக்சிலரேட்டரை முறுக்கிவிட்டு மீட்டர் வைத்தார்கள், 14.2 வோல்ட் காட்டியது. "டைனமோ நல்லாத்தான் இருக்குண்ணே, பேட்டரிதான் போச்சு" என்று அனுப்பினார்கள். கழற்றிப் பெஞ்சில் மாட்டிப் பார்த்தபோதும் சரியாக இருந்தது, ஏனென்றால் பெஞ்சில் தூண்டும் மின்சாரத்தை வெளியிலிருந்து கொடுக்கிறார்கள்.

இதில் என் பங்குக்கும் ஒரு பிழை உண்டு. இரண்டாவது வாரத்திலேயே அணக்கரைப் பக்கம் ஒரு மலையாள எலக்ட்ரீஷியன் சாவி போட்டால் சார்ஜ் லைட் "கத்துந்நுண்டோ" என்று கேட்டார். விளக்கு எரிவதை அவர்கள் கத்துதல் என்று சொல்வார்கள். நானோ அவசரத்தில் பெல்ட் கத்துகிறதா என்று கேட்கிறார் என எடுத்துக்கொண்டு, இல்லை, சத்தமே இல்லை என்று பதில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். எல்லை தாண்டிப் பழுது பார்க்கிறவர்கள் இந்த ஒரு சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

லைட் எரியவில்லை என்றால் இப்படிப் பிரித்துப் பாருங்கள். சாவியைப் போட்டு, டைனமோவின் பின்னால் டி பிளஸ் அல்லது எல் என்று குறித்த மெல்லிய வயரைக் கழற்றி அதன் முனையை இன்ஜின் இரும்பில் தொடுங்கள். இப்போது லைட் எரிந்தால் பல்பும் வயரும் சரி. கோளாறு டைனமோவுக்குள், பெரும்பாலும் கார்பனிலோ (சுழலும் ரோட்டருக்கு உரசியபடி மின்சாரம் கொடுக்கும் கட்டை) கட்டவுட்டிலோ இருக்கிறது. அப்போதும் எரியாவிட்டால் பல்பு, ஃபியூஸ், இடையிலுள்ள வயர் இவற்றில் ஒன்று. அருகிலேயே இருக்கும் தடித்த வயரை ஒருபோதும் இப்படி இரும்பில் தொட்டுவிடாதீர்கள். அது பேட்டரியிலிருந்து நேராக வருவது. பல்பு மாற்றும்போது அதே வாட்ஸ் உள்ள பல்பையே போடுங்கள். பளிச்சென்று இருக்கட்டும் என்று எல்இடி போட்டால் போதிய மின்சாரம் பாயாமல் அதே கோளாறு திரும்ப வரும்.

லைட் மங்கலாக எரிந்துகொண்டே இருந்தால், டைனமோவின் ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும் டயோட்களில் ஒன்று பழுதாகியிருக்கலாம். சாவியை எடுத்த பின்னும் எரிந்தால் டயோட் ஷார்ட் ஆகியிருப்பது ஏறக்குறைய உறுதி. பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டுப் பட்டறைக்குச் சொல்லியனுப்புங்கள்.

6. இன்ஜின் ஓடும்போது அளக்கும் முறை

மீட்டரை பேட்டரியில் வைத்து, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளப்புங்கள். முதல் அளவு ஐடிலில். கிளப்புவதற்கு முன் 12.5 இருந்தது இப்போது 13.5 அல்லது அதற்குமேல் ஏறினால் டைனமோ தானாக விழிக்கிறது. ஏறாமல் 12.3, 12.2 என்று இறங்கிக்கொண்டே போனால் விழிக்கவில்லை. இந்த அளவை எழுதிக்கொண்ட பிறகே முறுக்க வேண்டும். முதலிலேயே முறுக்கிவிட்டால் என் பட்டறைக்காரர்கள் விழுந்த அதே குழியில் நீங்களும் விழுவீர்கள்.

இரண்டாவது அளவு 1,500 முதல் 2,000 சுற்று வேகத்தில். 13.8 முதல் 14.5 வரை நின்றால் சரி. 15-ஐத் தாண்டினால் கட்டவுட் பழுது. அப்படியே ஓட்டினால் பேட்டரியின் தண்ணீர் கொதித்து வற்றும், பல்புகள் ஒவ்வொன்றாகப் போகும். மூன்றாவது அளவு அதே வேகத்தில் ஹெட்லைட், வைப்பர், ஹீட்டர் அல்லது ஃபேன் எல்லாவற்றையும் போட்டு எடுக்க வேண்டும். 13.3-க்குக் கீழே இறங்காமல் இருந்தால் மழைக்காலத்தைத் தாங்கும். சுமை இல்லாதபோது 14 காட்டிவிட்டு சுமையில் 12.7-க்கு விழுந்தால் பெல்ட் வழுக்குகிறது அல்லது டயோட்களில் சில வேலை செய்யவில்லை.

டைனமோ வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக ஓடும் இன்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றிக் காட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது. யாராவது அதற்குக் கை வைத்தால் தடுத்துவிடுங்கள். பேட்டரி விலகிய கணத்தில் வோல்ட் தாறுமாறாகத் துள்ளி, டயோட், கட்டவுட், வண்டியிலுள்ள மின்னணுச் சாதனங்கள் எல்லாவற்றையும் எரித்துவிடக்கூடும். நல்ல டைனமோவைக் கெட்டுப்போக வைத்துவிட்டு, பார்த்தீர்களா கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்லும் சோதனை அது.

7. வயரிலும் எர்த்திலும் தொலையும் வோல்ட்

டைனமோவில் 14.3 இருந்து பேட்டரியில் 13.1 மட்டும் வந்தால், இடையில் எங்கோ வழி அடைத்திருக்கிறது. இன்ஜினை 1,500 சுற்றில் ஓடவிட்டு ஹெட்லைட்டைப் போடுங்கள். மீட்டரின் ஒரு முனையை டைனமோவின் தடித்த வயர் பொருத்திய போல்ட்டிலும், மறுமுனையை பேட்டரியின் பிளஸ் முனையிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அடுத்து டைனமோவின் உடம்பிலிருந்து பேட்டரியின் மைனஸ் முனைக்கு அளந்தால் 0.2-க்குள் இருக்க வேண்டும். மீட்டர் முனைகள் ஃபேனிலோ பெல்ட்டிலோ சிக்காதபடி சட்டைக் கையை மடித்துவிட்டு நின்று செய்யுங்கள்.

எர்த் பக்கம், அதாவது மைனஸ் பக்கம், கூடுதலாகக் காட்டினால் இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் இடையிலுள்ள பின்னல் எர்த் வயரைக் கழற்றிப் பாருங்கள். சேற்றுப் பாதையில் ஓடும் ஜீப்புகளில் இது துருவுக்கும் சகதிக்கும் நடுவில் மறைந்து கிடக்கும். போல்ட் உட்காரும் இடத்தில் பெயிண்டையும் துருவையும் சுரண்டி மீண்டும் இறுக்கினாலே பல வண்டிகள் சரியாகிவிடும். இதற்குச் செலவு ஏதுமில்லை, அரை மணி நேரம்தான். பிளஸ் பக்கம் கூடுதலாக இருந்தால் போல்ட்டில் கருகிய லக் (வயரின் உலோக முனை), சூடேறும் ஃபியூஸ் இவற்றைத் தேடுங்கள். இன்ஜின் நின்றிருக்கும்போது அந்தத் தடித்த போல்ட்டில் பேட்டரியின் அதே வோல்ட் எப்போதும் இருக்க வேண்டும். ஒன்றுமே இல்லை என்றால் இடையிலுள்ள பெரிய ஃபியூஸ் போய்விட்டது.

8. டைனமோவைப் பிரிக்கும் நிலை வந்தால்

மேலே உள்ளவை எல்லாம் சரியாக இருந்தும் சார்ஜ் இல்லையென்றால்தான் டைனமோவில் கை வைக்க வேண்டும். கழற்றுவதற்கு முன் ஒரு சிறு சோதனை: சாவியைப் போட்டு, இன்ஜினைக் கிளப்பாமல், டைனமோ புல்லியின் நட்டுக்கு அருகில் ஒரு ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுபோங்கள். லேசாக இழுத்தால் ரோட்டருக்கு மின்சாரம் போகிறது. இழுக்கவே இல்லை என்றால் கார்பன் தேய்ந்திருக்கலாம், கட்டவுட் போயிருக்கலாம், ரோட்டர் காயில் அறுந்திருக்கலாம்.

டயோட்களைப் பார்ப்பதற்கு, இன்ஜின் ஓடும்போது மீட்டரை ஏசி அளவில் வைத்து பேட்டரி முனைகளில் அளக்கலாம். 0.5 வோல்ட்டுக்குமேல் ஏசி காட்டினால் டயோட் பிளேட்டை ஐயப்பட வேண்டும். ஆனால் மலிவான மீட்டர்கள் சில, டிசியையே ஏசியாகக் காட்டி ஏமாற்றும். முனைகளை இடம் மாற்றி வைத்தால் அளவு பெரிதும் மாறினால் அந்த மீட்டரை இந்தச் சோதனைக்கு நம்பாதீர்கள்.

வேக்குவம் பம்பு சேர்ந்த டைனமோவில் ஒரு தனிக் கோளாறு உண்டு. பம்புக்கு இன்ஜின் ஆயில் செல்கிறது. அதன் ஆயில் சீல் தேய்ந்தால் ஆயில் டைனமோவுக்குள் கசிந்து கார்பனையும் அது உரசும் ஸ்லிப் ரிங்கையும் நனைத்துவிடும். கார்பனை மட்டும் மாற்றிக்கொண்டு வந்தால் இரண்டு மாதத்தில் திரும்பப் போக வேண்டியிருக்கும். சீலும் சேர்த்து மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். ஆயில் ஹோஸ்களின் கிளிப்புகள் சரியாக இறுக்கப்பட்டதா என்றும், கிளப்பிய பின் பிரேக் பெடல் மென்மையாக இறங்குகிறதா என்றும் பட்டறையை விட்டுக் கிளம்புமுன் பாருங்கள்.

எங்கள் பக்கத்தில் நான் கேட்டறிந்த விலைகள்: கார்பன் ஒரு ஜோடி 150 முதல் 250 ரூபாய், கட்டவுட் 600 முதல் 1,500, டயோட் பிளேட் 800 முதல் 1,800, கழற்றி மாட்டும் கூலி 500 முதல் 800. வேக்குவம் பம்போடு புதிய டைனமோ 8,000-க்கு மேல் சொல்கிறார்கள். கார்பன், கட்டவுட் மாற்றுவதற்கு அரை நாள் போதும். காயில் கட்ட வேண்டுமென்றால் 2 நாள் வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். டைனமோவைக் கொடுப்பதற்கு முன் அதன் உடம்பில் பெயிண்ட்டால் ஒரு பொட்டு வைத்துப் படமெடுத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

9. சார்ஜ் ஏறியும் காலையில் காலியாக இருந்தால்

எல்லாம் அணைத்து, கதவுகளை மூடி, பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, அதற்கும் மைனஸ் முனைக்கும் இடையில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணையுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. அதற்குமேல் இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது அளவு விழுகிறதோ அந்த வழியில் கசிவு. ஜீப்புகளில் பெரும்பாலும் பின்னால் சேர்த்த பாட்டுப் பெட்டி, கூடுதல் ஹாரன், ஃபாக் லைட் ரிலே இவைதான் பிடிபடும். எந்த ஃபியூஸுக்கும் விழவில்லை என்றால் டைனமோவின் தடித்த வயரைக் கழற்றிப் பாருங்கள், டயோட் கசியலாம். மீட்டர் இப்படி இணைந்திருக்கும்போது சாவி போடவோ செல்ஃப் அடிக்கவோ கூடாது, மீட்டர் போய்விடும்.

10. வழியில் நின்றால், எங்கே, எப்போது காட்டுவது

சார்ஜ் இல்லாமல் எவ்வளவு நேரம் ஓட்டலாம் என்பதைக் கணக்குப் போட்டுவிடலாம். இரண்டு ஹெட்லைட்டுக்கு ஏறக்குறைய 9 ஆம்பியர், வைப்பருக்கு 4 அல்லது 5, பின் லைட்டுக்கும் மீட்டர் போர்டுக்கும் 2 என மொத்தம் 16 ஆம்பியர். பாதி நிறைந்த 70 ஆம்பியர்-மணி பேட்டரியில் 35 இருக்கும். கணக்குப்படி 2 மணி நேரம், பழைய பேட்டரி என்றால் அதிலும் குறைவு. பகலில் விளக்கில்லாமல் பல மணி நேரம் போகலாம். ஆகவே தோட்டத்தில் மதியம் கோளாறு தெரிந்தால் மாலை ஆட்களுக்காகக் காத்திருக்காமல் வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிட்டு, ஆட்களுக்கு வேறு வண்டி சொல்லிவிடுங்கள்.

காலியான பேட்டரியைச் சார்ஜுக்குக் கொடுத்தால் நிதானமாக ஏற்றுவதற்கு 10 மணி நேரமாவது ஆகும். மாலையில் கொடுத்து மறுநாள் காலையில் வாங்குவதே முறை. 2 மணி நேரத்தில் ஏற்றித் தருகிறேன் என்பவரிடம் கொடுத்தால் தட்டுகள் சூடேறி வளையும்.

கேரளப் பக்கம் வண்டியை விடுவதாக இருந்தால் ஹர்த்தால் அறிவிப்பு இருக்கிறதா என்று முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள், அன்று பட்டறையும் திறக்காது, பேருந்தும் ஓடாது. ஆர்சி, இன்சூரன்ஸ், பெர்மிட், புகைச் சான்று ஆகியவற்றின் அசலை வண்டியில் விட்டு வராதீர்கள். தற்காலிகப் பெர்மிட்டில் சென்றிருந்தால் அதன் கடைசி நாளைப் பாருங்கள். டைனமோ பட்டறையில் இரண்டு நாள் கிடந்து, பெர்மிட் முடிந்து, அதற்குத் தனியாகப் பணம் கட்டியவர்கள் உண்டு. பில் எங்கே வாங்கினாலும் மாற்றிய பாகத்தின் பெயரும் வண்டி எண்ணும் அதில் எழுதப்பட வேண்டும். பேட்டரியே மாற்ற வேண்டியிருந்தால், பழைய பேட்டரியைக் கடையிலேயே கொடுத்து அதன் விலையைப் பில்லில் கழிக்கச் சொல்லுங்கள்; ஈயத்துக்கு நல்ல விலை உண்டு என்பதால் அதைச் சும்மா விட்டு வருவது நட்டம்.

11. புதிய வண்டிகளில் மாறுவது

பிஎஸ்-6 புகை விதி காலத்து வண்டிகள் பலவற்றில் டைனமோவைக் கணினியே கட்டுப்படுத்துகிறது. பேட்டரி நிறைந்திருந்தால் சார்ஜைக் குறைத்து 12.8 வரைகூட இறக்கும். பிரேக் பிடிக்கும்போது 15-ஐ ஒட்டி ஏற்றும். எனவே ஒரு அளவை மட்டும் பார்த்துப் பழுது என்று முடிவு செய்யாமல், ஹெட்லைட்டும் ஃபேனும் போட்டுச் சில நிமிடங்கள் கவனியுங்கள். 5-ஆம் படியில் சொன்ன வயரை இரும்பில் தொடும் சோதனையை இந்த வண்டிகளில் செய்யவே கூடாது. அந்த மெல்லிய வயர் கணினிக்குப் போகிறது. இவற்றை ஸ்கேனர் உள்ள இடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். சார்ஜ் நின்றுவிட்டால் இந்த இன்ஜின்கள் பழைய ஜீப்பைப்போல் ஓடிக்கொண்டே இருக்காது; வோல்ட் இறங்கியதும் நின்றுவிடும், ஸ்டியரிங்கும் அதோடு கனத்துவிடும்.

12. சரியான பிறகு

பழுது நீங்கியதும் 4, 6 ஆகிய படிகளின் அளவுகளை மீண்டும் எடுத்து, தேதியோடு பில்லின் பின்புறத்தில் எழுதி வையுங்கள். அடுத்த முறை ஐயம் வரும்போது ஒப்பிடுவதற்கு உங்கள் வண்டியின் நல்ல நாள் அளவு கையில் இருக்கும். முதல் 3 நாள் காலையில் சாவி போட்டுச் சிவப்பு லைட்டைப் பார்த்த பிறகே செல்ஃப் அடியுங்கள். என் ஜீப்பில் இப்போது அந்தப் பல்பு இரண்டு, மாற்று பெல்ட்டோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் டிரைவர் இருக்கைக்கு அடியில் இருக்கின்றன.